காண்ட்ராஸ்ட் ஊசிக்குப் (சிடி, ஆஞ்சியோ படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) பிறகு கிரியாட்டினின் (கிட்னி பலவீனமானால் ரத்தத்தில் ஏறும் கழிவு) ஏறியவர்கள் எழுதுங்கள்

திருச்சி மகள்:
அப்பாவுக்கு ஆஞ்சியோ. 18 வருடச் சர்க்கரை, கிரியாட்டினின் 1.6. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை பாத்ரூமிலிருந்து அளவுக் குவளையோடு வந்து நின்றார். ராத்திரி முழுக்கச் சேர்ந்தது அடியில் இரண்டு விரல் உயரம்கூட இல்லை, கடுங்காப்பி நிறம். "இவ்வளவுதாம்மா வந்துச்சு" என்றார். ரத்தம் எடுத்தால் 3.4. டயாலிசிஸ் வரை போகாமல் பத்து நாளில் 1.8க்கு இறங்கியது. இரண்டு நாள் கழித்து ஒருமுறை ரத்தம் பாருங்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

சிடி டெக்னீஷியன்:
11 வருடமாக இந்த வேலை. இந்த ஊசியில் உள்ள அயோடின் மருந்து பாகு மாதிரி இருக்கும், உடல் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் ஏற்றுவோம். கிட்னி தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, நுண்குழாய்களுக்குள் அது இன்னும் கெட்டியாகும். கிட்னியின் உள்பகுதிக்கு ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு, ரத்தக்குழாயும் சுருங்கினால் அங்குள்ள செல்கள் தவித்துப்போகும். ஒரு பாட்டி, வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. "நாக்கு ஒட்டுது தம்பி" என்றார். நான் ஊசியைப் போட்டுவிட்டேன்.

சேலம் மருமகன்:
எல்லாப் பழியையும் ஊசிமேல் போடுவது தப்பு. என் மாமியாருக்கும் ஏறியது, ஆனால் நான்கு நாளாக டைக்ளோபினாக் வலி மாத்திரை விழுங்கியிருந்தார். ஊசி போடாமல் சிடி எடுத்தவர்களிலும் பலருக்குக் கிரியாட்டினின் ஏறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2017இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், ஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டும் அளவு; குறைந்தால் கிட்னி பலவீனம்) 30க்கும் 59க்கும் இடையே இருந்தவர்களுக்கு முன்கூட்டி சலைன் ஏற்றியும் ஏற்றாமலும் பார்த்தார்கள், வித்தியாசம் இல்லை. கிட்னியைக் காக்கும் என்று கொடுத்துவந்த அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையும் பலன் தரவில்லை என்று 2018இல் வந்தது. ஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இருப்பவர்கள்தான் நிஜமாகவே கவனமாக இருக்கவேண்டும். அப்புறம், வலி மாத்திரையை நிறுத்துங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேளுங்கள்; கிட்னி ரொம்பப் பலவீனமென்றால் ஊசியன்று நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டுத்தான் தொடங்கச் சொல்வார்கள். பழைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். பயந்துகொண்டு மாரடைப்புக்கு ஆஞ்சியோ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

திருச்சி மகள்:
சரி, ஆஞ்சியோ வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? அப்பா வலி மாத்திரை தொட்டதே இல்லை. டெக்னீஷியன் தம்பி, அந்தப் பாட்டிக்கு அப்புறம் என்ன ஆயிற்று?

சிடி டெக்னீஷியன்:
தெரியாதுக்கா. படம் எடுத்ததும் வார்டுக்குப் போய்விடுவார்கள். வீல்சேரில் ஏற்றும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தார்.