எம்35ஏ2 ராணுவ லாரி: முன் டிஃபரன்ஷியலைக் கழற்ற வேண்டுமா, ஆக்ஸில் ஷாஃப்டோடு வேலை முடியுமா?

மணிமாறன் (டெக்சாஸ்):

அனைவருக்கும் வணக்கம். 1972ஆம் ஆண்டு ஏஎம் ஜெனரல் நிறுவனம் தயாரித்த எம்35ஏ2 வகை இரண்டரை டன் லாரி ஒன்றை, அதை ராணுவ ஏலத்தில் எடுத்திருந்த ஒருவரிடமிருந்து வாங்கிச் சீர்படுத்தி வருகிறேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் நல்ல நிலையில் உள்ளன. சிக்கல் முன் ஆக்ஸிலில்தான். முன் சக்கர இயக்கத்தைச் சேர்த்துவிட்டு ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்தால், வலப்பக்கத்திலிருந்து 'டக் டக்' என்ற ஓசை சக்கரத்தின் சுழற்சியோடு ஒத்துக் கேட்கிறது. அதே பக்கத்தில், சக்கரம் ஒடியும்போதும் ஷாஃப்டைச் சுழல விடும் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டின் (உறையின்) அடியில், கிரீஸும் எண்ணெயும் கலந்த கரிய குழம்பு சொட்டுகிறது. மேலும், ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரப்பல்லர் ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பினால், சக்கரம் அசைவதற்கு முன் கணிசமான பிளே (தளர்வு) தெரிகிறது. இதை வைத்து, டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர்த் தொகுதி) முழுவதும் தேய்ந்துவிட்டது, வேறொன்று வாங்கிப் போடுங்கள் என்று இங்குள்ள ஒரு மெக்கானிக் கூறுகிறார். அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதே என் கேள்வி.

கனரக மெக்கானிக்:

மணிமாறன் அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் ஒரே இடத்திலிருந்து வர வேண்டும் என்பதில்லை. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்த பிறகே பணத்தைச் செலவழிக்க வேண்டும்.

முதலில் அந்தப் பிளேயை எடுத்துக்கொள்வோம். இந்த லாரியின் ராக்வெல் ஆக்ஸிலில் வேகக் குறைப்பு இரண்டு கட்டங்களில் நடக்கிறது: புரப்பல்லர் ஷாஃப்டோடு சுழலும் பினியன் என்ற சிறு கியர் ஒரு சுருள் பெவல் கியரைச் சுழற்ற, அதன் தண்டிலுள்ள சிறிய ஹெலிகல் கியர் டிஃபரன்ஷியல் கூட்டின் மீதுள்ள பெரிய கியரைச் சுழற்றுகிறது. இரண்டும் சேர்ந்து 6.72க்கு 1 என்ற விகிதம் கிடைக்கிறது. ஆகவே இரண்டு பல்லிணைப்புகளின் இடைவெளியும், டிஃபரன்ஷியலுக்குள் உள்ள ஸ்பைடர் கியர்களின் இடைவெளியும், ஷாஃப்ட் முனையின் பற்களான ஸ்பிளைன்களின் தளர்வும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடி, புரப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் தட்டான பினியன் ஃபிளாஞ்சில் வந்து நிற்கின்றன. அதிலும் சக்கரப் பக்கத்துத் தளர்வு ஏறக்குறைய ஏழு மடங்காகப் பெருகித் தெரிகிறது. காரின் டிஃபரன்ஷியலைத் தொட்டுப் பழகிய கைக்கு இது பெரிய தேய்மானம்போலத்தான் படும். கையால் ஆட்டிப் பார்த்து மட்டும் இந்த ஆக்ஸிலுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

அடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கிச் சட்டகத்தின் கீழ் உறுதியான ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். புரப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, பினியன் ஃபிளாஞ்சு சுழலாதபடி ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். மறு சக்கரம் எதிர்த்திசையில் சீராகச் சுற்றினால் இரண்டு ஷாஃப்டுகளும் ஸ்பைடர் கியர்களும் உடையாமல் இருக்கின்றன என்று பொருள். பிறகு ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போது வலப்பக்கத்தில் மட்டும் கடகடப்போ இடறலோ கைக்குத் தெரிந்தால், குறை அந்தப் பக்கத்து ஜாயிண்டில்தான் உள்ளது. கடைசியாக வடிகால் பிளக்கைத் திறந்து பழைய எண்ணெயை வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை வயதுக்கு இயல்பானது. பல்லின் துண்டோ, செதில் செதிலான உலோகமோ வந்தால் மட்டுமே டிஃபரன்ஷியலை மேலே தூக்கிப் பிரிக்க வேண்டும்.

இஎம்இ ஓய்வு:

இந்தியத் தரைப்படையின் இஎம்இ (மின்னணு, இயந்திரப் பொறியாளர்) பிரிவில் பணியாற்றியவன். எங்கள் கையில் வந்தவை பெரும்பாலும் ஜபல்பூரில் தயாரான சக்திமான் லாரிகள். எம்35ஐப் பிரித்த அனுபவம் எனக்கு இல்லை. ஆனாலும் எந்த நாட்டு லாரிக்கும் பொருந்தும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஜாயிண்ட் உடைவது நோயின் முடிவுதான்; அதன் தொடக்கத்தைத் தேட வேண்டும்.

உங்கள் பூட்டிலிருந்து சொட்டுவது தனிக் கிரீஸ் அன்று, எண்ணெய் கலந்த குழம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக்ஸில் குழாயின் முனையிலுள்ள உள் ஆயில் சீல் தோற்று, கியர் ஆயில் ஜாயிண்டுக்குள் வந்து கிரீஸைக் கரைத்திருக்க வேண்டும். அந்தச் சீல் ஏன் தோற்றது? வயது ஒரு காரணம். மற்றொன்று, ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலுள்ள காற்றுப்போக்கியான பிரீத்தர் சேற்றாலோ பெயிண்டாலோ அடைபட்டிருப்பது. வெளியேற வழியில்லாத சூடான காற்று சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயை வெளியே கொண்டுவருகிறது. ராணுவ வண்டிகளுக்கு முழுவதும் பெயிண்ட் அடிக்கும்போது பிரீத்தரின் வாய் மூடப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் சுத்தப்படுத்தாமல் புதிய சீலைப் போடுவது வீண் வேலை.

இன்னொன்று, இந்த லாரியில் முன், பின் ஆக்ஸில்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. தார்ச் சாலையில் முன் இயக்கத்தைச் சேர்த்து ஓட்டினால், வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால், அந்த வேறுபாடு முழுவதும் முறுக்காகத் தேங்கி ஜாயிண்டுகளை அழுத்துகிறது. முன்னும் பின்னும் தேய்மானம் ஒவ்வாத டயர்கள் இருந்தால் நேர்ச்சாலையிலேயே இது நடக்கும். முன்னர் வைத்திருந்தவர் வண்டியை எப்படி ஓட்டினார் என்று விசாரியுங்கள்.

மணிமாறன்:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே சோதித்துப் பார்த்தேன். சக்கரங்கள் எதிர்த்திசையில் சரியாகச் சுற்றுகின்றன; ஒடித்த நிலையில் வலப்பக்கம் மட்டும் இடறுகிறது. எண்ணெயில் துண்டுகள் எவையும் இல்லை. பிரீத்தரின் மேல் பச்சைப் பெயிண்ட் தடித்துப் படிந்திருந்தது. முன்னர் வைத்திருந்தவர் ஊர் அணிவகுப்புகளில் முன் இயக்கத்தோடுதான் ஓட்டுவாராம். இனி வலப்பக்க ஷாஃப்டை வெளியே எடுக்க வேண்டும். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

டூஸ் உரிமையாளர் (ஒஹாயோ):

அதே லாரி என்னிடமும் உள்ளது. இந்த வேலையை என் வண்டியில் செய்திருக்கிறேன். டிஎம் 9-2320-361 வரிசை ராணுவக் கையேடுகளை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; முறுக்கு அளவுகளை அதிலிருந்து மட்டுமே எடுங்கள்.

உங்களுக்கு வலப்பக்கம் என்பதால் சக்கர நட்டுகள் வழக்கமான மரைதான். இடப்பக்கத்தில் அவை எதிர்மரை என்பதை மறக்க வேண்டாம். அது தெரியாமல் நீண்ட குழாயைப் போட்டு அழுத்தி ஸ்டட்டை முறிப்பவர்கள் பலர். சக்கரத்துக்குப் பின், ஹப்பின் வெளிமுனையிலுள்ள டிரைவ் ஃபிளாஞ்சு, பேரிங் நட்டுகள், ஹப்போடு சேர்ந்த டிரம், பிரேக் தட்டு, ஹப் சுழலும் அச்சான ஸ்பிண்டில் என்று வரிசையாக வெளியே வரும். ஸ்பிண்டில் துருவில் பிடித்துக்கொண்டிருக்கும். மரக்கட்டையோ பித்தளைச் சுத்தியலோ கொண்டு சுற்றிலும் தட்டித் தளர்த்துங்கள், மரையுள்ள முனையில் அடிக்காதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஸ்பிண்டில் கழன்றதும் ஷாஃப்டும் ஜாயிண்டும் ஒன்றாக இழுபட்டு வரும். என் வண்டியில் இருந்தது ஆறு குண்டுகள் கொண்ட ரிசெப்பா வகை; இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களில் இருப்பதும் அடிப்படையில் இதுவே. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, உள்வளையத்தைச் சாய்த்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். எந்தக் குண்டு எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டால் நல்ல ஜாயிண்டைத் திரும்பவும் பூட்டலாம். பள்ளத்தில் நகம் தட்டுப்படும் குழியோ, குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டின் சாளர மூலையில் மயிரிழை விரிசலோ இருந்தால் அந்த ஜாயிண்டை நம்ப வேண்டாம். இராணுவ உபரிக் கடைகளில் ஷாஃப்ட் ஜாயிண்டோடு முழுதாகவே கிடைக்கிறது. பாதி தேய்ந்ததில் புதுக் குண்டு போடுவதைவிட அதுவே சரியான வழி.

புதிய உள் சீலைப் போட்ட பிறகு ஷாஃப்டைச் செருகும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். ஷாஃப்டின் எடையை சீலின் மீது சாயவிட்டால், ஸ்பிளைனின் கூரிய முனை அதன் உதட்டைக் கிழித்துவிடும்; பிறகு மொத்த வேலையையும் மீண்டும் செய்ய வேண்டும். ஒருவர் வெளிமுனையைத் தாங்க, மற்றவர் உள்முனையை மட்டமாக வழிநடத்துவது நல்லது.

மணிமாறன்:

பூட்டில் முழு ரப்பரா, ஜிப் வைத்ததா, எதை வாங்குவது?

டூஸ் உரிமையாளர் (ஒஹாயோ):

முழு ரப்பருக்கு, சக்கரத்தோடு திரும்பும் நக்கிளையும் கழற்ற வேண்டும். நக்கிள் திரும்பும் கிங் பின்னின் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் எப்படியும் நக்கிள் வெளியே வரும். அப்போது முழு ரப்பரையே போடுங்கள். ஆட்டம் இல்லையென்றால் ஜிப் வைத்தது போதும். ஜிப்பின் ஓரத்தில் ரப்பர் பசை தடவாவிட்டால் தண்ணீர் அந்த வழியாகத்தான் புகும்.

கனரக மெக்கானிக்:

ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாம் பூட்டிய பின் ஸ்டியரிங்கின் நிறுத்தத் திருகுகளைக் கையேட்டின் அளவுக்குச் சரிபாருங்கள். யாராவது அவற்றைத் தளர்த்தி வைத்திருந்தால் சக்கரம் அளவுக்கு மீறி ஒடிந்து, புதிய ஜாயிண்டும் அதே கோணத்தில் உடையும். 80டபிள்யூ-90 ஜிஎல்-5 கியர் ஆயிலை ஆக்ஸிலின் நிரப்பு துளையின் விளிம்பு வரை ஊற்றுங்கள்; சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி இரு ஹப்புகளையும் தொட்டுப் பாருங்கள். வலப்பக்கம் மட்டும் சுட்டால் பேரிங் நட்டை இறுக்கிவிட்டீர்கள். அன்றே திறந்து தளர்த்துங்கள்.