ஒரே மொழி இருந்தால்தான் நாடு நிலைக்குமா?

சித்தூர்ப்புழை:
கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து நம்ம கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இன்னும் பிள்ளைகளைத் தமிழ் மீடியத்தில் சேர்ப்பது சரியில்லை. இந்தோனேசியாவில் நூற்றுக்கணக்கான மொழிகள். 1928-லேயே இளைஞர்கள் கூடி மலாய் மொழியிலிருந்து வந்த ஒரு மொழியைப் பொதுமொழியாக ஏற்றார்கள், 1945-இல் அதுவே ஆட்சிமொழி. ஆட்சி நடக்கும் மொழியைப் படித்தவனுக்குத்தான் அதிகாரம். இங்கே அது மலையாளம்.

வேலந்தாவளத்தான்:
அண்ணா, அங்கே தொகையில் பெரியவர்கள் ஜாவாக்காரர்கள். அவர்கள் தங்கள் மொழியைத் திணிக்காமல், துறைமுகங்களிலும் சந்தைகளிலும் ஏற்கெனவே புழங்கிய மலாய்க்கு வழிவிட்டார்கள். அதனால்தான் ஒட்டியது. இலங்கையில் 1956-இல் பெரும்பான்மை தன் மொழியையே ஒரே ஆட்சிமொழி ஆக்கியது. சிங்களம் தெரியாத தமிழ் அரசு ஊழியர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியாததா?

சித்தூர்ப்புழை:
அப்போ பாகிஸ்தான்? உருதுவும் அங்கே சிறுபான்மையின் தாய்மொழிதான். 1948-இல் ஜின்னா வங்காளம் பேசும் கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவிலேயே போய் உருது மட்டும்தான் என்றார். சரி, 1956 அரசியல் சட்டத்தில் வங்காளத்துக்கும் இடம் கொடுத்தார்களே, 1971-இல் நாடு பிரியத்தானே செய்தது?

மறையூர்த் தம்பி:
இடையில் வருகிறேன், மன்னிக்கணும். 1952 பிப்ரவரி 21-இல் டாக்காவில் மொழிக்காகத் திரண்டவர்களைச் சுட்டுக் கொன்ற பிறகு கொடுத்த இடம் அது. அதையும் ஏட்டில் கொடுத்தார்கள். 1970 தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் கட்சியான அவாமி லீக் பெரும்பான்மை பெற்றும் ஆட்சியை ஒப்படைக்கவில்லை.

வேலந்தாவளத்தான்:
நம்ம ஊரிலும் ஏட்டளவுதான். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி நாம் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வரணும். அம்மாவின் நிலவரி விஷயமாக ஓர் அலுவலகத்தில் தமிழில் மனு கொடுத்தேன். வாங்கியவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, வெளியே புளியமரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரைக் கைகாட்டினார். காசு கொடுத்து மலையாளத்தில் எழுதி வாங்கிய பிறகுதான் சீல் விழுந்தது. அம்மா பக்கத்திலேயே நின்றார். தன் நிலத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார்.

சித்தூர்ப்புழை:
வருத்தமாக இருக்கிறது, தம்பி. ஆனால் அந்த நாற்காலியில் நம் பிள்ளை உட்காரணும் என்றால் மலையாளம் தெரியாமல் கோப்பு பார்க்க முடியுமா?

வேலந்தாவளத்தான்:
முடியாது. என் மகளும் மலையாளம் படிக்கிறாள். தமிழ் மீடியத்தையும் மூடிவிட்டால் அம்மாவின் மனுவைப் படிக்க ஆள் எங்கிருந்து வருவார் என்பதுதான் என் கேள்வி. தமிழ் மனு திருப்பப்பட்டவர்கள் தேதியோடு இங்கே எழுதுங்கள், சேர்த்துக் கலெக்டரிடம் கொடுப்போம். நீங்களும் கையெழுத்துப் போடுங்கள், அண்ணா.