ஃபார்ச்சூனர் 2.8 டீசல்: 9 கிலோமீட்டர்தான் கொடுக்குது, விற்க மனசில்லை. எவ்வளவு கூட்டலாம்?

கொங்குடீசல்:
வண்டி ஃபார்ச்சூனர் 2.8 டீசல், ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டம். பாதி கோவை நகருக்குள், மீதி பொள்ளாச்சி, வால்பாறை. திரையில் சராசரி 9.1 காட்டுகிறது. பெரியவர்களையும் சேர்த்து ஆறு பேர் ஏறும் குடும்ப வண்டி. உயரம், உட்காரும் வசதி, மேட்டில் இழுவை எல்லாமே மனசுக்கு நிறைவு. டீசல் போடும்போது மட்டும்தான் உறுத்துகிறது. 9.1 இயல்பா, கோளாறா? 15 கொடுக்கும் சின்ன எஸ்யூவிக்கு மாறச் சொல்கிறார்கள், அதில் லாபம் உண்டா? ஏ.டி. டயர் (ஆல் டெரெய்ன், மண் பாதைக்கும் ஏற்ற கரடுமுரடான டயர்) போட்டால் என்ன ஆகும்?

லிட்டர்கணக்கு:
முதலில் திரையை நம்பாதீர்கள். ஒரே பங்க், ஒரே பம்பு, ஆட்டோ கட்-ஆஃப் ஆனதும் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் திணிக்க வேண்டாம். ட்ரிப் மீட்டரை சைபராக்கி 400 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே இடத்தில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை நிரம்பிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மை. மூன்று டேங்க் இப்படிப் பார்த்துச் சராசரி எடுங்கள். நகரத்துக்கும் ஹைவேக்கும் தனித்தனியாகக் குறித்தால் இன்னும் நல்லது.

இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி நகருக்குள் 9 கொடுப்பது கோளாறே இல்லை. 2,200 கிலோவை 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய் பிரேக் போட்டு நிறுத்தினால், அந்த ஒரு தடவைக்கு ஏறத்தாழ 24 மில்லி டீசல் வெப்பமாகப் போய்விடும். 40 சிக்னல் அப்படி நின்றால் ஒரு லிட்டர். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்து உருட்டிக்கொண்டு போவது இந்த எடைக்குத்தான் அதிகம் பலன் தரும்.

இப்போது பணம். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,200 கிலோமீட்டருக்கு 9.1-இல் 132 லிட்டர். 15 கொடுக்கும் வண்டியில் 80 லிட்டர். மாத வித்தியாசம் 4,780 ரூபாயை ஒட்டி. ஆனால் அந்தச் சின்ன வண்டி 15 லட்சம் என்றால் தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரைக்கான சாலை வரி 18 சதவீதம், அதாவது 2.7 லட்சம். டீசலில் மிச்சமாகும் பணம் அந்த வரியை ஈடுகட்டவே நாலரை வருஷத்துக்கு மேல் ஆகும். பழைய வண்டியை விற்பதில் போகும் நஷ்டத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. பிடித்த வண்டியை மைலேஜுக்காக மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. குறைந்த மைலேஜ் வண்டியில் சின்ன முன்னேற்றம்கூட பெரிய பணம். 9.1-லிருந்து 11 ஆனால் உங்களுக்கு மாதம் 23 லிட்டர் மிச்சம். 18 கொடுக்கும் கார் 20 ஆனால் அதே தூரத்துக்கு 7 லிட்டர்கூட மிஞ்சாது.

ஸ்பேனர்14:
கோளாறு இருக்கான்னு வீட்டிலேயே பாத்துடலாம் சார். டயர் காத்து காலையில, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி. அளவு டிரைவர் கதவுத் தூண் ஸ்டிக்கர்ல இருக்கு, ஆள் நிறைய ஏறும்போது போட வேண்டிய அளவு தனியா இருந்தா அதையும் பாருங்க. வழியில சூடா இருக்கறப்ப பாத்து குறைச்சுடக் கூடாது, சூட்டுல அழுத்தம் ஏறித்தான் இருக்கும்.

அடுத்தது பிரேக் பிடிச்சு ஓடுதா. 10 கிலோமீட்டர் மெதுவா, அதிகம் பிரேக் போடாம ஓட்டிட்டு நிறுத்தி, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலயும் கையைக் கொண்டு போங்க. தொடாதீங்க. ஒண்ணு மட்டும் கூடுதலா அனல் அடிச்சா அந்தப் பக்கம் கேலிபரோட (பிரேக் பேடை டிஸ்க்குல அழுத்தற பாகம்) ஸ்லைடு பின் (pin) இறுகியிருக்கலாம். கழட்டி சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சா சரியாகிடும், விட்டா பேடும் டிஸ்க்கும் போயிடும்.

நகர ஓட்டத்துல மைலேஜ் குடிக்கற முக்கியமான ஆள் டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிச்சு வைக்கற வடிகட்டி. புகைக்கரி சேர்ந்ததும் அதை எரிக்க கூடுதல் டீசல் செலவாகும். தினமும் 5 கிலோமீட்டர் போய் அணைச்சா அந்த எரிப்பு பாதியில நின்னு நின்னு மறுபடி ஆரம்பிக்கும், அவ்வளவும் வீண். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஹைவேல ஒரே வேகத்துல விடுங்க. டிபிஎஃப் விளக்கு எரிஞ்சு சுவிட்ச் அழுத்தி நின்ன இடத்துல எரிக்கறதா இருந்தா காய்ஞ்ச புல்லு, சருகு மேல நிறுத்தவே கூடாது. சைலன்சர் சூடு அப்படி. எஞ்சின் ஆயில் சாம்பல் குறைஞ்ச வகைதான் ஊத்தணும், மேனுவல்ல உள்ள கிரேடு. சாதா டீசல் எஞ்சின் ஆயில் ஊத்தினா அந்தச் சாம்பல் எரியாம டிபிஎஃப்லயே தங்கிடும்.

முன்னாடி இரும்பு பம்பர் கார்டு இருந்தா கழட்டிடுங்க. 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை பண்ணிட்டது. எடை ஒரு பக்கம், மோதினா ஏர்பேக் சென்சார் கணக்கும் கெடும்.

ஆழியார்_40:
வால்பாறைக்கு ஏறும்போது டீசல் போவதைத் தடுக்க முடியாது, அங்கே இந்த எஞ்சினின் அருமையே தனி. நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே 500 நியூட்டன் மீட்டர் இழுவை வந்துவிடுகிறது. ஆறு பேர், ஏசி, 40 கொண்டை ஊசி வளைவு என்று இருந்தாலும் எஞ்சின் அலறாமல் ஏறும். சின்ன வண்டியில் இதே சுமைக்கு மிதி மிதி என்று மிதிக்க வேண்டும், அப்போது அதன் 15-ம் 15-ஆக இருக்காது.

இறங்கும்போது நியூட்ரலில் போடாதீர்கள். கியரில் வைத்தபடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும், நியூட்ரலில் ஐடிலுக்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும். அதோடு இந்த எடையைப் பிரேக் மட்டும் தாங்கினால் பாதி மலையில் பெடல் மெத்தென்று ஆகிவிடும். கியர் லீவரை மேனுவல் பக்கம் (நாமே கியர் மாற்றும் நிலை) தள்ளி 2 அல்லது 3-ஆம் கியர் போடுங்கள்.

காய்ந்த தாரில் H2 (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) மட்டும். இதில் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. H4-இல் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) காய்ந்த தார் ரோட்டில் வளைத்தால் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு டயர் தேயும், டீசலும் போகும். ஆனால் மாதம் ஒருமுறை மண் பாதையிலோ மழை நாளிலோ 15 கிலோமீட்டர் H4-இல் ஓட்டுங்கள், முன் பக்கப் பாகங்களுக்கு எண்ணெய் ஏறட்டும்.

ஹைவேயில் 80-க்கும் 100-க்கும் நடுவே காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. இவ்வளவு அகலமான முகப்புக்கு 90 தாண்டினால் மைலேஜ் இறங்குவது கண்ணுக்கே தெரியும். மேல் கேரியர் சும்மா இருந்தால் கழற்றி வையுங்கள்.

கொங்குடீசல்:
விற்கும் பேச்சை விட்டாச்சு. ஏ.டி. டயர் பற்றி யாரும் சொல்லவில்லையே?

ஸ்பேனர்14:
உங்க ஓட்டத்துக்கு வேண்டாம் சார். கட்டை கட்டையா இருக்கற அந்த ரப்பர் உருளறப்ப சக்தியைத் தின்னும், ஈரத் தார்ல பிடிமானமும் ஹைவே டயர் அளவுக்கு வராது. போட்டே ஆகணும்னா கம்பெனி அளவு 265/60 ஆர்18-ஐ மாத்தாதீங்க. 265/65 போட்டா சுற்றளவு 3.4 சதவீதம் கூடும். நிஜமா 1,034 கிலோமீட்டர் ஓடினா மீட்டர் 1,000-னு காட்டும், மைலேஜ் விழுந்துட்டதா நினைச்சு திரும்பவும் இங்கதான் வந்து கேப்பீங்க.