மறு: ஹெட்ரூமுக்குத் தமிழ்: மிகுதிறனா, மீதிடமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆம்ப்ளிஃபயரை மாற்றலாமா என்று நான் கேட்கப்போய், பேச்சு ஹெட்ரூமுக்கு, அதாவது ஒலி சிதையாமல் உயர மிச்சமிருக்கும் இடைவெளிக்கு, தமிழ் என்ன என்பதில் வந்து நிற்கிறது. நம் குழுவில் எதைப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வரும். இந்த முறை அதனால் எனக்கு முப்பதாயிரம் ரூபாய் மிச்சம், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது சேனலுக்கு 40 வாட் ஆம்ப். நாகஸ்வரக் கச்சேரி கேட்கும்போது நடுநடுவே ஒரு கரகரப்பு. புதுச்சேரியில் ஒரு கடையில் சொன்னேன். "ஹெட்ரூம் பத்தல சார், 80 வாட் போட்டுடுங்க" என்றார் கடைக்காரர். ஹெட்ரூம் என்றால் என்ன? "எக்ஸ்ட்ரா பவர்தான் சார்."

ஐயா போன மடலில் ஹெட்ரூமுக்கு முன்வைத்த 'மிகுதிறன்', மன்னிக்க வேண்டும், அந்தக் கடைக்காரர் சொன்னதன் நேர்த்தமிழ்தான். என் தயக்கமும் அதுதான்.

இசை ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. தவிலின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) கூடு (விரலுறை) போட்ட விரல் விழும் கணத்தில் ஒலி, சராசரியைவிட 15, 20 டெசிபல் எகிறிவிடும். 20 டெசிபல் என்றால் திறனில் 100 மடங்கு. என் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் வரும். சிறிய கூடம், நான் உட்காருவது இரண்டரை மீட்டரில். வழக்கமாகக் கேட்கும் சத்தத்துக்குச் சராசரியாக 0.1 வாட் போதும். தவில் எகிறும்போது 10 வாட். ஆம்ப் தரக்கூடியது 40. ஆக, சராசரிக்கும் எல்லைக்கும் நடுவே 26 டெசிபல் இருக்கிறது; இந்த இடைவெளிதான் ஹெட்ரூம். 80 வாட் வாங்கினால் அது 29 ஆகும். அந்த 3 டெசிபலுக்காகவா முப்பதாயிரம்? குமிழைச் சற்றுத் திருப்பிக் குறைத்தாலே அது கிடைத்துவிடுமே. காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு 10 மடங்கு திறன் தேவை.

குமிழைத் திருப்பினால் கூடிக் குறைகிற ஒன்றை, பெட்டிக்குள் இருக்கும் சரக்குபோல 'திறன்' என்று எப்படிச் சொல்வது? ஒலிப்பதிவுக் கூடத்திலும் இதே சொல்தான் புழங்குகிறது. டிஜிட்டல் பதிவில் உச்ச எல்லை 0 டெசிபல். பதிவாளர் ஒலியை அதற்குச் சில டெசிபல் கீழே நிறுத்தி வைப்பார். அங்கே வாட்டுக்கே வேலையில்லை. 'மிகுதிறன்' அங்கே போனால் விழித்துக்கொண்டு நிற்கும்.

'தலையிடம்' என்று எழுதிய நண்பருக்கு: படித்ததும் "தலையிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றுதான் எனக்குக் காதில் விழுந்தது.

எங்கள் மாவட்டத்து வீராணம் ஏரியைப் பாருங்கள். முழுக் கொள்ளளவு மட்டம் 47.50 அடி. தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டாலும் கரை அதற்கு மேலே இன்னும் உயர்ந்து நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் காற்றடித்து அலை எழும்பினால் அந்த இடைவெளிதான் காப்பாற்றும். கரை எவ்வளவு உயரம் என்பது ஒரு கேள்வி, தண்ணீருக்கு மேலே எவ்வளவு மீதி என்பது வேறு கேள்வி. ஹெட்ரூம் இரண்டாவதைக் கேட்கிறது.

அதனால் 'மீதிடம்' என்கிறேன். மீதி + இடம் 'மீதியிடம்' என்றுதானே ஆகும் என்று இலக்கணக்காரர்கள் வரிந்துகட்டுவார்கள், தெரியும். நான் பிரிப்பது மீது + இடம். குற்றியலுகரம் கெட்டு 'மீதிடம்'. மேலே உள்ள இடம் என்று பொருள்; 'மீதி'யும் காதில் விழுந்தால் கூடுதல் லாபம்.

சரி, கரகரப்பு? சொல் தெளிந்ததும் சோதனையும் தெளிந்தது. மீதிடம் போதாமல் வந்த சிதைவு என்றால், சத்தத்தைக் குறைத்தால் மறைய வேண்டும். பக்கத்தில் பேசுவது கேட்கும் அளவுக்குக் குறைத்தேன். அப்போதும் கரகர. குமிழைத் தொட்டால் இன்னும் மோசம். தேவனாம்பட்டினத்து உப்புக்காற்று பதினைந்து வருடமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, பின்னே எப்படி இருக்கும்? திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழுதுபார்ப்பவர் வால்யூம் கன்ட்ரோலையும் ரிலேயின் முனைகளையும் சுத்தம் செய்து கொடுத்தார், 400 ரூபாய். இப்போது தவில் தவிலாகக் கேட்கிறது. ஆம்ப்பை மாற்றப் போவதில்லை.

ஆம்ப்புக்கு என்ன சொல் என்று கிளம்பாதீர்கள். ஈழத்தில் 'விரியலாக்கி' என்றே படிக்கிறார்கள். நம் பக்கம் 'பெருக்கி'. அதை வீட்டில் சொன்னபோது மனைவி துடைப்பத்தைக் காட்டினாள்.

கிளிப்பிங்தான் இன்னும் பாக்கி. மீதிடம் தீர்ந்தபின் அலையின் முனை மழுங்கித் தட்டையாகிறதே, அது. 'முகடுவெட்டு' என்று எழுதி வைத்தேன். ஆனால் அலையின் முகட்டோடு அகடும் (பள்ளமும்) சேர்ந்துதான் வெட்டுப்படுகிறது, ஆகவே எனக்கே ஒப்பவில்லை. 'நுனிவெட்டு' என்றால் முடி திருத்தகம் நினைவுக்கு வருகிறது. தச்சு வேலையோ தோட்ட வேலையோ தெரிந்தவர்கள் யாராவது ஒரு நல்ல வினைச்சொல் தாருங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து