ஆக்சிஜனேற்ற அழுத்தமா, ஆக்சிஜனேற்ற மிகையா?

வணக்கம். இதயநோய் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். "ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடினால் தமனிச் சுவர் கெடும்" என்று ஒரு வரி. 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்பதை அப்படித் தமிழாக்கியிருந்தேன். படித்துப் பார்த்த என் பெரியம்மா, "அப்போ பிரஷர் மாத்திரையை ஒழுங்காப் போட்டா போதும்தானே?" என்று கேட்டார். பிழை அவருடையது அல்ல. மூன்று வரி மேலே இரத்த அழுத்தம், அடுத்த பக்கத்தில் மன அழுத்தம். எல்லாமே அழுத்தமாக இருந்தால் அவர் என்ன செய்வார்?

'ஸ்ட்ரெஸ்' என்பதற்கு இயற்பியலில் உள்ள சொல்லையே எடுத்துச் சிலர் தகைவு என்கிறார்கள். இழுத்த கம்பிக்கு அது அருமையான சொல். செல்லுக்குள் நடப்பது வேறு. 1985இல் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் தந்த வரையறையைப் பார்த்தால் தராசுதான் நினைவுக்கு வருகிறது: ஆக்சிஜனேற்றும் பொருள்களுக்கும் அவற்றைத் தடுக்கும் பொருள்களுக்கும் இடையே சமநிலை குலைந்து, முதல் தட்டு தாழ்கிறது. ஆகவே 'ஆக்சிஜனேற்ற மிகை' என்பது என் பரிந்துரை. தடுக்கும் பொருள் குறைந்தாலும் எதிர்த்தட்டில் இருப்பது மிகைதானே? இலங்கை நண்பர்கள் 'ஒட்சியேற்ற மிகை' என்று எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம், மார்க்கர்: உடலுக்குள் இந்த மிகை இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பொருள். குறிப்பான், குறிகாட்டி இரண்டும் புழக்கத்தில் உள்ளன. இந்த இடத்துக்கு எனக்குத் 'தடயம்' பிடித்திருக்கிறது. ஆக்சிஜனேற்றும் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல், நிலையற்ற வேதித்துகள்கள்) பெரும்பாலும் நொடிப்பொழுதுகூட நிற்பதில்லை. அவை கொழுப்பைச் சிதைத்தபின் மிஞ்சும் மலோன்டைஆல்டிஹைடைத்தான் ஆய்வகத்தில் தேடுகிறார்கள். இரத்தச் சீரத்தோடு தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் குழாயில் மெல்ல இளஞ்சிவப்பு ஏறும். அந்த நிறத்தை 532 நானோமீட்டரில் அளப்பார்கள். வேறு சில பொருள்களும் அதே நிறத்தைத் தரும் என்பதால், தடயம் கிடைத்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுத முடியாது. அந்த எச்சரிக்கையும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தமனிச் சுவரில் கொழுப்புப் படிந்து தடிக்கும் நோயான அதெரோஸ்கிளிரோசிஸுக்குத் 'தமனிக் கூழ்மைத் தடிப்பு' அப்படியே இருக்கட்டும். கிரேக்க மூலத்திலும் கூழ்தான்.

பெரியம்மாவிடம் அடுத்துக் காட்டப்போவது இது: "ஆக்சிஜனேற்ற மிகையால் தமனிச் சுவருக்குள் கெட்ட கொழுப்பு உருமாறுகிறது. அதை விழுங்கும் வெள்ளணுக்கள் நுரைச்செல்களாகின்றன. அவை சேர்ந்து சுவரில் மஞ்சள் கொழுப்புக் கீற்றுகளாகத் தெரிகின்றன. நோயின் தொடக்கம் இது." எந்தச் சொல் இடறுகிறது, சொல்லுங்கள்.