கலைச்சொல் வேண்டல்: டிஸ்கஸ் தொட்டியின் கேனிஸ்டர் ஃபில்டர்

தமிழாக்குநரின் மடல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். செடிகள் வளரும் நன்னீர்த் தொட்டியில், வட்டமான தட்டை உடல் கொண்ட டிஸ்கஸ் மீன் வளர்ப்போருக்கான கருவித் தேர்வுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் கைப்படி அச்சுக்குச் செல்ல வேண்டும். சூடேற்றி, வெப்பநிலைமானி, விளக்கு ஆகியவற்றில் சிக்கல் இல்லை. தொட்டிக்கு வெளியே, பெரும்பாலும் அதன் கீழுள்ள அலமாரியில், மூடிய கலனாக இருந்துகொண்டு, ஒரு குழாயால் நீரை வாங்கி, பஞ்சும் பீங்கான் வளையங்களும் நிறைந்த அடுக்குகளின் வழியே செலுத்தி, மற்றொரு குழாயால் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் கேனிஸ்டர் ஃபில்டருக்குத்தான் பெயர் வேண்டும். 'குடுவை வடிகட்டி' என்பதை மெய்ப்புப் பார்ப்பவர் ஏற்கவில்லை. குடுவை என்றால் ஆய்வகக் கண்ணாடிக் கலமே மனத்தில் எழுகிறது என்கிறார். கரியமில வாயுவை நுண்குமிழிகளாக நீரில் விடும் டிஃப்யூசருக்கும் ஒரு சொல் தேவை.

தமிழாசிரியரின் மறுமொழி

வணக்கம். 'வடிகட்டி' என்பதையே முதலில் ஐயுற வேண்டும் என்பது என் கருத்து. கஞ்சியை வடிப்பதாயினும் பாலை வடிகட்டுவதாயினும், ஒன்றைத் தடுத்து நிறுத்தி மற்றொன்றை ஒழுகவிடும் பொருளே அச்சொல்லில் நிற்கிறது. இக்கருவியிலோ நீர் ஒழுகவில்லை, சுற்றி வருகிறது. ஆகவே 'தெளிகலன்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். இல்லத்துக் காழை, அதாவது தேற்றாங்கொட்டையைக் கொண்டு கலங்கிய நீரைத் தேற்றும் உவமை கலித்தொகையிலேயே வருகிறது. தேறு, தேற்று, தெளி, தெளிவு ஆகியவை ஒரே வேரின் கிளைகள் என்றே கொள்கிறேன். தேறலையும் அவ்வேரோடு சேர்ப்பேன், ஏனெனில் அதுவும் தெளிந்து இறுத்த நீர்மமே. தெளிதல் தன்வினையாயிற்றே, கலனா தெளிகிறது என்று எவரேனும் கேட்கலாம். உண்கலன் உண்பதில்லை, உண்பதற்கு இடமாகிறது. அவ்வாறே தெளிகலன், நீர் தெளிவதற்கு இடமான கலன்.

மீனின் பெயரையும் விட்டுவிட வேண்டாம். எறிவட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இலத்தீன் வழியாக 'டிஸ்கஸ்' என வந்தது. நமக்கு 'வட்டு' இருக்கிறது. வட்டெறிதல், குறுவட்டு ஆகியவை வழக்கில் இருக்கும்போது 'வட்டுமீன்' ஏன் கூடாது? 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று வள்ளுவரே ஆண்ட சொல் அது. பரிமேலழகர் அங்கே வட்டாடுதலை உண்டை உருட்டல் என்று கொள்வதால், அந்த வட்டு தட்டையா உருண்டையா என்ற கேள்வி எழும். தட்டையான ஆடுகாயையும் வட்டு என்று வழங்கியிருக்கக் கூடும் என்பது என் துணிபு. சான்றுகளைத் தனி மடலில் தருகிறேன்.

மீன் வளர்ப்பாளரின் மறுமொழி

ஐயா, 'தெளிகலன்' செவிக்கு இனிய சொல்தான். ஆனால் டிஸ்கஸ் வளர்க்கத் தொடங்குபவரை அது வழிதவற விட்டுவிடும் என்று உண்மையாகவே அஞ்சுகிறேன். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் வரும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. முற்றிலும் தெளிந்த நீரிலேயே மீன் செவுள் சிவந்து மூச்சுக்குத் தவிக்கும். மறுபுறம், மரக்கட்டையும் உலர்ந்த இலைகளும் ஊறிய இளம்பழுப்பு நீரில் டிஸ்கஸ் நலமாகவே வாழும். 1840-இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கல் விவரித்த டிஸ்கஸ் இனம், அமேசானில் கலக்கும் ரியோ நீக்ரோவின் கருநீரில் வாழ்வது. அந்த ஆற்றின் பெயருக்கே கருப்பு ஆறு என்றுதான் பொருள்.

இந்தக் கருவி வாங்குவதன் முதன்மை நோக்கம் தெளிவு அன்று. பீங்கான் வளையங்களின் நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டில் ஒரு பகுதியைச் செடிகள் எடுத்துக்கொள்கின்றன. மூடியைத் திறந்தால் வளையங்களின் மேல் வழுவழுப்பான பழுப்புப் படலம் தெரியும். தெளிவே நோக்கம் என்று நம்பியவர் அதை அழுக்கென எண்ணி, குளோரின் கலந்த குழாய்நீரில் தேய்த்துக் கழுவுவார். பாக்டீரியாக்களில் பெரும்பகுதி அழியும். சில நாளில் அம்மோனியா ஏறும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசி வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் கையேட்டில் ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. பெயர் அந்த அதிகாரத்துக்கு எதிராகப் பேசக் கூடாது.

என்னைக் கேட்டால் 'கேனிஸ்டர் ஃபில்டர்' என்றே எழுதலாம். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது அதுதான். தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால், எல்லாருக்கும் தெரிந்த 'வடிகட்டி'யை விட்டு விலகாதீர்கள். 'வட்டுமீன்' என்று கேட்டால் வளர்ப்போர் எவருக்கும் விளங்காது.

தமிழாசிரியரின் மறுமொழி

நண்பரே, அம்மோனியா பற்றிய உங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் அதே வாதம் வடிகட்டிக்கும் பொருந்துமே? வடிகட்டி என்று படித்தவரும் பழுப்புப் படலத்தை அழுக்கென்றே எண்ணுவார். பொருட்குறை இரண்டுக்கும் பொதுவானால், வடிவழகு உடையதைத் தேர்வதில் என்ன தவறு? விளங்காமை புதுச்சொல் எதற்கும் தொடக்கத்தில் உள்ளதே. வழங்க வழங்க அது நீங்கும்.

வேதியியல் ஆசிரியையின் மறுமொழி

அனைவருக்கும் வணக்கம். டிஃப்யூசருக்குக் 'கரைப்பான்' என்று ஒருவர் தனிமடலில் எனக்கு எழுதியிருந்தார். அது கூடவே கூடாது. கரைபொருள், கரைப்பான், கரைசல் என்று வகுப்பில் நாங்கள் கற்பிக்கும்போது கரைப்பான் என்பது நீரையே குறிக்கிறது. கரைக்கும் கருவியை அன்று. டிஃப்யூஷனைக் குறிக்கும் 'விரவல்' என்ற பாடநூல் சொல்லிலிருந்து 'விரவி' என்று ஆக்கலாம் என்றால், 'வாயு விரவி நின்றது' என்பதில் வரும் வினையெச்சத்தோடு அது குழம்பும். ஆர்.ஓ. எனப்படும் எதிர் சவ்வூடு பரவல் ஏற்கெனவே நீர் தயாரிக்கும் அதிகாரத்தில் வருவதால் 'பரவி'யும் வேண்டாம். கருவி செய்வது குமிழிகளைப் பொடியாக்கிப் பரப்புவதுதான், 'குமிழ்பரப்பி' போதும்.

ஆனால் சொல்லுக்கு முன் ஒன்றைக் கேட்கிறேன். டிஸ்கஸுக்கு நீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். வெப்பம் ஏறினால் நீரில் வாயு கரையும் அளவு குறையும்; 30 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனே தாங்கும். மீனின் மூச்சுக்காக நீர்ப்பரப்பைக் கலக்கினால், செடிக்காகச் செலுத்திய கரியமில வாயு வெளியேறிவிடும். அனுபியாஸ், ஜாவா பெரணி, அமேசான் வாள்செடி போன்று வெப்பம் தாங்கும் செடிகளை நட்டு, மிதமான ஒளி தந்தால் குமிழ்பரப்பியே தேவைப்படாது. அந்த எச்சரிக்கை கையேட்டில் முதலில் வரட்டும்.

தமிழாசிரியரின் குறுமடல்

'குமிழ்பரப்பி' இரண்டாம் வேற்றுமைத்தொகை. ஒற்று மிகாமல் எழுதியது சரியே. இதில் எனக்கு மறுப்பில்லை.

தமிழாக்குநரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. எச்சரிக்கையை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டேன், 'குமிழ்பரப்பி' உறுதியாயிற்று. மீனின் பெயர் 'டிஸ்கஸ்' என்றே இருக்கும். கருவிக்கு, கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் 'கலன் வடிகட்டி' போதும் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு வசதியும் தெரிகிறது. சில கலன்களுக்குள்ளேயே சூடேற்றி பொருத்தி வருகிறது. அவற்றைச் 'சூடேற்றும் கலன் வடிகட்டி' என்று நீட்டிச் சொல்ல முடிகிறது. சொல் முதலில் வரும் இடத்தில், பெட்டியில் உள்ள பெயரையும் வளையங்களில் வாழும் பாக்டீரியாக்களின் பணியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தமிழாசிரியரின் மறுமொழி

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், எனினும் என் மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். நீர் வடிகட்டி என்றால் நீரை வடிகட்டுவது, பால் வடிகட்டி என்றால் பாலை வடிகட்டுவது. அந்த வரிசையில் 'கலன் வடிகட்டி' என்றால் கலனை வடிகட்டுவது என்றே இயல்பாகப் பொருள்படும். தெளிகலன் வேண்டாமென்றால் 'வடிகலன்' என்று கொள்ளுங்கள். வளர்ப்பாளர் கேட்ட வடித்தல் அதில் இருக்கிறது. தொகையும் ஐயத்துக்கு இடந்தராது.

மீன் வளர்ப்பாளரின் மறுமொழி

இது முன்னதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது, ஐயா. வாயிலும் எளிதாக வருகிறது.

வேதியியல் ஆசிரியையின் மறுமொழி

'வடிகால்' என்ற சொல் இருக்கிறதே? வடிகலன் என்று படிப்பவர், நீர் மாற்றும்போது பழைய நீரை வடித்துச் சேர்க்கும் பாத்திரம் என்று கொள்ளக்கூடும். டிஸ்கஸ் வளர்ப்போர் அடிக்கடி நீர் மாற்றுபவர்கள். அப்படியொரு பாத்திரம் அவர்களிடம் எப்போதும் இருக்கும்.

தமிழாக்குநரின் மறுமொழி

நாளை காலை கைப்படி செல்கிறது. 'கலன் வடிகட்டி' என்றே செல்கிறது. கலனை வடிகட்டுவது என்ற ஐயாவின் மறுப்புக்கு என்னிடம் விடை இல்லை. பின்னிணைப்புச் சொற்பட்டியலில் வடிகலனையும் தெளிகலனையும் மாற்றுச்சொற்களாகக் குறித்திருக்கிறேன். பெயர் எதுவாயினும், தொட்டிநீரிலேயே அலச வேண்டும் என்ற வரியைத் தடித்த எழுத்தில் இட்டிருக்கிறேன்.