'காரணம்' கட்டத்துல எப்பவும் 'கவனக்குறைவு'தானா?

கப்பலூர் ஷிப்ட்:
கப்பலூர் பக்கம் ஒரு தையல் யூனிட். சூப்பர்வைசர்கள் குறை நோட்டு எழுதுறப்ப, டெய்லர் தைச்சதுல தப்புன்னா காரணம் 'கவனக்குறைவு', 'பொறுப்பில்லை'. அதே சூப்பர்வைசரோட லைன்ல டார்கெட் குறைஞ்சா 'கரண்ட் போச்சு', 'துணி லேட்டா வந்துச்சு'. எதையும் பொய்னு தள்ள முடியலை. ஆனா இதை வச்சு ஆளை மாத்துறதா, மிஷினைப் பிரிக்கிறதான்னு முடிவெடுக்க வழியில்லை. மனுசங்க காரணம் கற்பிக்கிற விதத்தைப் பத்திப் படிச்சவங்க, நோட்டுல என்ன கேள்வி வைக்கலாம்னு சொல்லுங்க.

வைகைக்கரை:
உளவியலாளர் ஹெரால்ட் கெல்லி 1967-ல எழுதின முறை உங்க நோட்டுக்கு நேரடியா உதவும். மூணு கேள்வி. அதே மிஷின்ல அதே வேலையைச் செய்ற மத்தவங்களுக்கும் தையல் விடுதா (நடுவுல தையல் விழாமப் போகுதா)? இந்த டெய்லருக்கு வேற மிஷின்லயும் விடுதா? இதே மிஷின்ல இவங்களுக்குத் தினமும் விடுதா, எப்பவாவதா?

மத்தவங்களுக்கு விடலை, இவங்களுக்கு எங்க உட்கார்ந்தாலும் விடுது, தினமும் விடுதுன்னா அப்ப காரணம் ஆள்கிட்ட இருக்கு. யார் உட்கார்ந்தாலும் விடுது, இவங்களுக்கு வேற மிஷின்ல விடலைன்னா மிஷின். ஒருநாள் மட்டும் வந்து போச்சுன்னா அன்னைக்கு என்ன மாறுச்சுன்னு தேடணும்: புது நூல் கோனா, துணி லாட்டா, ஆளுக்குக் காய்ச்சலா.

பதிலை யூகிக்காம ஆளை மாத்தி உட்கார வச்சுப் பாருங்க. முதல்ல ஊசியைக் கழட்டிப் புதுசு போடுங்க. மழுங்கின ஊசி, மேல வரைக்கும் ஏறாத ஊசி, திருப்பி மாட்டின ஊசி, இந்த மூணுலயே பாதிப் பிரச்சினை தீர்ந்துரும். அப்பவும் விட்டா ரெண்டு டெய்லர்களை ஆளுக்கு ரெண்டு பண்டல் இடம் மாத்தித் தைக்கச் சொல்லுங்க. துணி, நூல், வேலை மூணும் ஒண்ணா இருக்கணும், இல்லேன்னா எது மாறினதால எது ஆச்சுன்னே தெரியாது. இன்னொண்ணு, குறை எண்ணிக்கையோட மொத்த பீஸ் எண்ணிக்கையும் எழுதணும். 200-ல 6-ம் 60-ல 6-ம் ஒண்ணில்லை.

எல்லாரும் தவற விடுறது முதல் கேள்வியைத்தான். மத்தவங்க எப்படி நடந்துக்கிட்டாங்கங்கற தகவலைக் கையில கொடுத்தாக்கூட ஜனங்க அதைச் சரியாப் பயன்படுத்துறதில்லைன்னு 1975-ல நிஸ்பெட்டும் போர்ஜிடாவும் காட்டினாங்க. லேட்டா வர்றவங்க விஷயத்துலயும் இதே கதைதான். உசிலம்பட்டியில இருந்து அதே பஸ்ல வர்ற மத்தவங்க எத்தனை மணிக்குக் கார்டு போட்டாங்கன்னு பார்த்துட்டு அப்புறம் பேசுங்க.

தல்லாகுளம் வாசகி:
மேல சொன்னது சரி. ஆனா சூப்பர்வைசர் கண்ணுக்கு ஏன் ஆள் மட்டுமே தெரியுதுங்கறதையும் கவனிக்கணும். 1967-ல ஜோன்ஸ், ஹாரிஸ் நடத்தின ஆய்வுல, கியூபா தலைவர் காஸ்ட்ரோவை ஆதரிச்சு எழுதின கட்டுரையைப் படிக்கக் கொடுத்தாங்க. எந்தப் பக்கம் எழுதணும்னு ஆசிரியர்தான் சொன்னார்னு தெரிஞ்சவங்ககூட, எழுதினவர் மனசுலயும் ஓரளவு அதுதான் இருக்குன்னு நினைச்சாங்க. சூழ்நிலையைக் குறைச்சு, ஆளோட குணத்தைக் கூட்டி மதிப்பிடுற இந்தப் போக்கை அடிப்படைப் பிழைன்னு லீ ராஸ் 1977-ல பெயர் வச்சார்.

உட்கார்ந்து பார்க்கிற இடமும் இதுல சேரும். 1973-ல ஸ்டார்ம்ஸ்ங்கற ஆய்வாளர் ரெண்டு பேரைப் பேசிக்க விட்டு, அப்புறம் அவங்களுக்கு அவங்களையே எதிர்ப்பக்கத்துல இருந்து எடுத்த வீடியோவைக் காட்டினார். தங்களையே வெளியாளாப் பார்த்ததும், அதுவரை சூழ்நிலையைச் சொன்னவங்க தங்கள் குணத்தைக் காரணமாச் சொல்ல ஆரம்பிச்சாங்க. அதனால 'கவனக்குறைவு'ன்னு எழுதுறதுக்கு முன்னாடி சூப்பர்வைசர் அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து ஒரு பண்டல் தைக்கட்டும். விளக்கு நிழல் எங்க விழுது, பெடல் எவ்வளவு இறுக்கம்னு அப்பத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. 'நம்ம தப்புக்குச் சூழ்நிலை, அடுத்தவன் தப்புக்குக் குணம்'னு இதைப் பொது விதியாச் சொல்லிக் கொடுத்துராதீங்க. பெர்ட்ரம் மால் 2006-ல 173 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்ப அந்த வித்தியாசம் மொத்தத்துல கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கெட்டது நடந்தா அப்படித்தான் தெரியுது, நல்லது நடந்தா தலைகீழாகுது. உங்க நோட்டுல கெட்டது மட்டும்தானே ஏறுது! டார்கெட் தாண்டின நாளுக்கும் ஒரு 'காரணம்' கட்டம் போடுங்க. அங்க என்ன எழுதுறாங்கன்னு பாருங்க.

ஜோன் மில்லர் 1984-ல சிகாகோக்காரங்களையும் மைசூர்க்காரங்களையும் ஒப்பிட்டதைச் சிலர் சொல்வாங்க. மைசூர்ப் பெரியவங்க சூழ்நிலையை அதிகம் சொன்னாங்க, 8 வயசுப் பிள்ளைங்ககிட்ட ரெண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசமில்லை. வளர்ப்புல படிஞ்சு வர்றதுன்னு அதுக்கு அர்த்தம். நம்மகிட்ட இந்தப் பிழையே கிடையாதுன்னு எடுத்துக்கக் கூடாது.

உசிலை வாத்தியார்:
காரணம் கிடைச்சப்புறம் அதைச் சொல்ற விதத்துல கவனம் வேணும். பெர்னார்ட் வைனர் காரணங்களை மூணு வழியில பிரிச்சார்: உள்ளேயா வெளியேயா, மாறுமா மாறாதா, நம்ம கட்டுப்பாட்டுல இருக்கா இல்லையா. 'பொறுப்பில்லை'ங்கற சொல் உள்ளே இருக்கிற, மாறாத காரணத்தைக் குறிக்குது. அதைக் கேட்டவங்களுக்கு நாளைக்கு மாத்திக்க எதுவும் மிச்சமில்லை. 'ஊசி மாத்தாம ரெண்டாவது ஷிப்டும் ஓட்டினது'ன்னு எழுதினா மாத்தலாம். கட்டத்துல குணத்தை எழுதாதீங்க, செய்த செயலை எழுதச் சொல்லுங்க.

தோத்தவுடனே துவண்டுபோற பிள்ளைங்களுக்கு, தோல்விக்குக் காரணம் முயற்சி போதாததுதான்னு பழக்கினா விடாம முயல்றாங்கன்னு கேரல் டுவெக் 1975-ல காட்டினார். ஆனா ஏற்கெனவே உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிற ஆளுகிட்ட 'இன்னும் முயற்சி பண்ணு'ன்னு சொன்னா உடைஞ்சு போயிரும். அங்க 'ஓரத்தைப் பிடிக்கிற கையை மாத்திப் பாரும்மா'ன்னு முறையைச் சொல்லணும்.

கப்பலூர் ஷிப்ட்:
ரொம்ப நன்றி. மத்தவங்களுக்கு விடலை, இந்தப் பொண்ணுக்கும் மத்த வேலைல விடலை, காலர்ல மட்டும் தினமும் விடுதுன்னா?

வைகைக்கரை:
அப்ப ஆளும் வேலையும் சேர்ற இடத்துல சிக்கல் இருக்கு. அந்தப் பொண்ணைக் குறை சொல்லவும் வேணாம், மிஷினைப் பிரிக்கவும் வேணாம். நல்லாக் காலர் வைக்கிற ஒருத்தரைப் பக்கத்துல உட்கார வச்சு, வளைவுல துணியைத் திருப்புறது வரைக்கும் காட்டச் சொல்லுங்க. பழகினதுக்கு முன்னாடி பின்னாடி எண்ணிக்கையைத் தனியா எழுதுங்க. உங்க லைன்ல காலருக்கு வேற ஆளே இல்லேன்னா முதல் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஒரு பண்டலுக்காவது இன்னொருத்தரைத் தைக்க வச்சுட்டு அப்புறம் அந்தக் கட்டத்தை நிரப்புங்க.